பன்னிரண்டு பெயர்களும் ஒரு ‘நானும்’

கேள்வி: சிகாகோ பாடகி ஜமீலா வுட்ஸின் ‘லெகசி! லெகசி!’ என்ற சோல் இசை ஆல்பத்தைக் கேட்டேன். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், ஓவியர் ஃப்ரீடா காலோ என்று மேதைகளின் பெயர்களையே பாடல்களுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார். பாட்டுக்குள் அவர்களுடைய வாழ்க்கையும் இல்லை, சாதனையும் இல்லை; எடுத்ததற்கெல்லாம் ‘நான், நான்’ என்றே பாடுகிறார். பெரியவர்களின் புகழில் குளிர்காய்வதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நிறையவே இருக்கிறது. நீங்கள் குற்றமாகச் சொல்லும் அந்த ‘நான்’தான் இந்த ஆல்பத்தின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

2019 மே 10 அன்று வெளிவந்த இந்த ஆல்பத்தில் 13 பாடல்கள், 12 பெயர்கள். அவர்களில் ஃப்ரீடா காலோவைத் தவிர மற்றவர்கள் அனைவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர், எழுவர் பெண்கள். பாட்டுடைத் தலைவரின் பிறப்பையும் பெருமையையும் வரிசையாக எடுத்துச் சொல்லும் புகழ்ப்பாட்டை நீங்கள் எதிர்பார்த்திருக்கிறீர்கள். சோல் இசையின் பிறப்பிடம் வேறு. கறுப்பினத் தேவாலயங்களில் ஒருவர் எழுந்து நின்று, தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாலேயே சபைக்குச் சாட்சியாகச் சொல்லும் வழக்கத்திலிருந்து வளர்ந்தது அது. ரே சார்ல்ஸும் அரீதா ஃபிராங்க்ளினும் அந்தக் குரலைத்தான் தேவாலயத்திலிருந்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மரபில் வந்த ஒரு பாடகி இன்னொருவரின் வாழ்க்கையைப் படர்க்கையில் விவரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இயலாத காரியம். அதைத் தன் அனுபவத்தோடு உரைத்துப் பார்த்து, தனக்கு எது தேறியது என்று சொல்லியாக வேண்டும்.

‘எர்தா’ பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடகியும் நடிகையுமான எர்தா கிட், 1968 ஜனவரியில் வெள்ளை மாளிகை விருந்தொன்றில் ஜனாதிபதி ஜான்சனின் மனைவி முன்னிலையிலேயே வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசி, அதன் விலையாக அமெரிக்காவில் வாய்ப்புகளை இழந்து, பல ஆண்டுகள் வெளிநாட்டு மேடைகளை நம்பி வாழ்ந்தவர். நீங்கள் கேட்கும் ‘வாழ்க்கையும் சாதனையும்’ என்ற கணக்கில் பாடலாக வேண்டியது இந்தச் சம்பவம்தான். வுட்ஸ் அதைத் தொடவில்லை. 1982-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், உறவு நிலைக்கவேண்டுமானால் விட்டுக்கொடுக்க வேண்டாமா என்று கேட்கப்பட்டபோது, எர்தா கிட் வாய்விட்டுச் சிரிக்கிறார். எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறார். தன்மேல் தனக்குள்ள காதலைத் தன்னோடு பகிர்ந்துகொள்ள ஒருவர் வந்தால் போதும் என்கிறார். வுட்ஸின் பல்லவி அந்தப் பதிலிலிருந்து எழுந்தது: என்மேல் எனக்குள்ள அன்பை என்னோடு பகிர்ந்துகொள்ளப்போவது யார்? எர்தா கிட் முடிந்த முடிவாகச் சொன்னது இங்கே கேள்வியாகத் தளர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அப்போது முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், அந்தத் துணிவைக் கண்டு வியந்து, அதைத் தானும் அடைந்துவிட்டதாகப் பொய் சொல்லாமல், எட்டிப் பிடிக்க முயல்கிறார். அந்த இடைவெளியைக் காட்டுவதற்கு ‘நான்’ இல்லாமல் முடியாது.

‘ஃப்ரீடா’வும் அப்படியே. மெக்சிகோ நகரில் ஃப்ரீடா காலோவும் அவர் கணவர் தியேகோ ரிவேராவும் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தார்கள். இரண்டையும் மேலே ஒரு சிறு பாலம் இணைத்தது. ஓவியங்களையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பாலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார் வுட்ஸ். நாமும் அப்படி இருக்கலாமே, கொஞ்சம் குறைவாகப் பார்த்துக்கொண்டால் உன்னை எனக்கு இன்னும் பிடிக்கும் என்று காதலனிடம் சொல்கிறார். ஓர் ஓவியரின் வீட்டமைப்பைக்கூட வாழும் முறையாகப் படிக்கத் தெரிந்தவரிடம் பெயரைக் கடன்வாங்கிய குற்றத்தைச் சுமத்துவது நியாயமில்லை.

‘புகழில் குளிர்காய்வது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் புகழில்? பன்னிருவரில் ஒருவரான எழுத்தாளரும் மானிடவியலாளருமான ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்து, ஃப்ளோரிடாவில் பெயர்க்கல்கூட இல்லாத குழியில் புதைக்கப்பட்டவர். ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும் ‘பெட்டி’ பாடலுக்கு உரியவரான ஃபங்க் பாடகி பெட்டி டேவிஸின் கதையும் வெளிச்சத்தில் இருந்ததில்லை. மைல்ஸ் டேவிஸுக்கு ஓராண்டுக் காலமே மனைவியாக இருந்த அவர், ஜிமி ஹென்ட்ரிக்ஸின் இசையையும் ஸ்லை ஸ்டோனின் இசையையும் கணவருக்கு அறிமுகப்படுத்தி, அவருடைய போக்கையே மாற்றியவர். 1973 முதல் தாமே எழுதிப் பாடி மூன்று ஆல்பங்களை வெளியிட்டார். அவருடைய துணிச்சல் அன்றைய சந்தைக்கு ஒத்துவரவில்லை. பிறகு இசையுலகை விட்டே விலகிவிட்டார். இசை வரலாறுகளில் அவர் பெரும்பாலும் மைல்ஸின் மனைவி என்ற ஒற்றைக் குறிப்பாகவே நின்றுவிட்டார். வுட்ஸ் என்ன செய்திருக்கிறார் பாருங்கள்: முதல் பாடலும் பெட்டி, கடைசிப் பாடலும் பெட்டி; மைல்ஸ் நடுவே ஏழாவது இடத்தில். பாடல் வரிசையாலேயே செய்யப்பட்ட இந்தத் திருத்தம் பல விமர்சனக் கட்டுரைகளைவிடக் கூர்மையானது என்பேன்.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. தான் சனி கிரகத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஜாஸ் கலைஞர் சன் ராவின் பெயரிலுள்ள பாடலில் தலைப்பை மாற்றிவிட்டாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. அங்கே உங்கள் புகார் ஓரளவு பொருந்தும். ஆனால் ‘மடி’ பாடலில் பொருந்தாது. மிசிசிப்பியிலிருந்து 1943-இல் சிகாகோவுக்கு வந்து, மதுக்கடைகளின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக மின்கிதாரைக் கையிலெடுத்த மடி வாட்டர்ஸின் முரட்டு ஒலி அந்தப் பாடல் முழுவதும் உறுமுகிறது. என் விரல்களை ஆராயட்டும், நான் நிற்கும் விதத்தை நகலெடுக்கட்டும் என்று அங்கே ஒலிக்கும் ‘நான்’ மடியா, வுட்ஸா என்று பிரித்தறிய முடியாது; பிரிக்கவும் வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் முதலில் குறிப்பிட்ட பால்ட்வின். 1962-இல் தம்பி மகனுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், வெள்ளையரை அன்போடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். ‘பால்ட்வின்’ பாடல் இந்த அறிவுரையை நண்பர் சொன்ன சொல்லாகவே நினைவுகூர்கிறது. ஆனால் அதைச் சுற்றி வுட்ஸ் என்ன அடுக்கியிருக்கிறார்? பழைய தெருவை அழித்து உயரும் அடுக்குமாடிகள். கைப்பையை இறுக்கிக்கொண்டு சாலையின் மறுபக்கம் போகிறவர்கள். கறுப்பு இளைஞனைக் கண்டதுமே காவல்துறையை அழைப்பவர்கள். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் கேட்கும் அன்பை நான் எப்படிக் கொடுப்பேன் என்று அவரிடமே வாதாடுகிறார் வுட்ஸ். மேதையின் சொல்லை இவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொண்டதால்தான் அவரால் அதனோடு மல்லுக்கட்ட முடிகிறது. பால்ட்வினின் கடிதத்தை வாசித்துவிட்டு அந்தப் பாடலை மறுபடி கேளுங்கள். அதன் பிறகும் உங்கள் கருத்து மாறவில்லையென்றால் காரணத்தோடு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.