காப்பகத்துக் குழந்தைகளை நன்றாகச் சாப்பிடவும் ஓடியாடவும் வைப்பது எப்படி?

காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் காயைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வதாகவும், பாதி நாள் உட்கார்ந்தே கழிவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் தப்பாகத்தான் செய்தேன்.

நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். 'ரெண்டு வாய் காய் சாப்பிட்டா பிஸ்கட் தருவேன்' என்று பேரம் பேசுவேன். அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் காய் என்பது பிஸ்கட்டுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தண்டனை என்று நானே அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். லீயன் பர்ச் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. புதிய பானம் ஒன்றைக் குடித்ததற்காகப் பரிசு பெற்ற பிள்ளைகளுக்குக் கடைசியில் அந்தப் பானம் முன்பைவிடக் குறைவாகவே பிடித்திருந்தது.

சரி, நாம் ஏன் இப்படி வற்புறுத்துகிறோம்? சாயங்காலம் வாசலில் வரும் அந்த ஒரே கேள்விக்குப் பயந்துதான். 'முழுசா சாப்பிட்டானா?' இல்லை என்றால் அம்மாவின் முகம் வாடும். அந்த முகத்துக்காக மதியம் திணிக்கிறோம். எங்கள் காப்பகத்தில் தினக்குறிப்பில் இருந்த 'எவ்வளவு சாப்பிட்டான்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'இன்று புதிதாக எதைத் தொட்டான், எதை ருசி பார்த்தான்' என்று மாற்றினோம். சில வாரங்களில் வாசல் கேள்வியும் மாறிவிட்டது. எடை ஏறாத பிள்ளை என்றால் மட்டும் பெற்றோரிடம் தனியாகப் பேசி, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொன்ன பிரிவினை ஒன்று உண்டு. எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

புதிய உணவைப் பார்த்து மிரள்வது இந்த வயதின் இயல்பு. பிடித்துப்போக எட்டுப் பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். எங்களிடம் ஒரு மூன்று வயதுப் பெண் பீட்ரூட்டைத் தட்டின் ஓரத்துக்கே தள்ளிவைப்பாள். ஒருநாள் விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னொரு நாள் துண்டை எடுத்து உதட்டில் தேய்த்து, சிவந்த வாயை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். மூன்றாவது வாரம் பக்கத்துப் பையன் தின்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டாள். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் துப்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன். காய் பிடித்த பிள்ளையின் பக்கத்தில் பிடிக்காத பிள்ளையை உட்கார வையுங்கள். நீங்களும் அதையே தட்டில் வைத்துக்கொண்டு கூடவே உட்காருங்கள். தாகத்துக்குத் தண்ணீர்தான், ஜூஸ் வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட் எல்லாம் தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

அப்புறம் ஓட்டம். ஒன்றிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும், மூன்று வயதிலிருந்து அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள். இந்த வயதில் யாரும் தொடர்ந்து ஓடுவதில்லை. இரண்டு நிமிடம் ஓடுவார்கள், ஒரு நிமிடம் எறும்பைப் பார்ப்பார்கள். துண்டு துண்டாகத்தான் சேரும்.

அந்தத் துண்டுகளைத் தின்பது காத்திருப்பு. ஒருநாள் கடிகாரத்தோடு கவனித்தேன். கை கழுவ வரிசை, தட்டு வரும் வரை, செருப்பு மாட்டும் வரை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் 'கையைக் கட்டி உட்காரு' என்றே போயிருந்தது. இப்போது குழாயடிக்கு நான்கு பேராகத் தவளை மாதிரி தாவிப் போகிறார்கள். கொஞ்சம் தண்ணீர் சிந்தும், அவ்வளவுதான். மேசைகளைச் சுவரோரம் தள்ளினாலே மழை நாளுக்கும் இடம் கிடைக்கும். குறும்பு செய்த பிள்ளைக்கு விளையாட்டு நேரத்தை மட்டும் வெட்டாதீர்கள். அதிகம் ஓட வேண்டியவனே அவன்தான்.

டிவி பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: மதியத் தூக்கத்துக்கு முன் அமைதிப்படுத்த நாங்களும் போட்டுக்கொண்டிருந்தோம். நிறுத்திய முதல் வாரம் ஒரே கூச்சல், இரண்டு உதவியாளர்கள் என்னோடு பேசவே இல்லை. காலையில் வெளியே விடும் நேரத்தை அரை மணி கூட்டிய பிறகுதான் அடங்கியது. இப்போது படுக்கை விரிப்பதற்குள் பாதிப் பேர் தரையிலேயே தூங்கிவிடுகிறார்கள்.