500-ஐத் தாண்டிய அந்த 12 யூனிட்

கேள்வி: சென்னை ஆதம்பாக்கத்தில் சொந்த வீடு. 2021 கோடையில் 500 யூனிட் ஓடியது, ரூ.1,130 கட்டினேன். 2025 கோடையில் 512 யூனிட்டுக்கு ரூ.2,141 வந்திருக்கிறது. 12 யூனிட் கூடியதற்கு பில் ஏறக்குறைய இரண்டு மடங்கா? மீட்டரில் கோளாறு இருக்குமோ? ஈபி அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: மீட்டரைச் சந்தேகப்பட இந்த பில்லில் காரணம் எதுவும் இல்லை அம்மா. 512 யூனிட்டுக்கு உரிய தொகைதான் வந்திருக்கிறது. உங்களை அடித்தவை இரண்டு: ஒன்று 2022-ல் நடந்த ஏற்றம், இன்னொன்று 500 என்ற எல்லைக்கோடு.

2021-ல் முதல் 100 யூனிட் இலவசம் (2016 மே முதல் இருக்கிற சலுகை), அடுத்த 100 யூனிட் 2 ரூபாய், அதற்கு மேல் 500 வரை 3 ரூபாய், நிலைக் கட்டணம் 30 ரூபாய். ஆக 1,130. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2022 செப்டம்பர் 10-ல் கட்டணம் மாறியது. நிலைக் கட்டணம் போனது. ஆனால் அதே 500 யூனிட் 1,725 ரூபாய் ஆனது. பாதிக்கும் மேல் ஏற்றம்! 600 யூனிட் ஓட்டியவருக்கோ 2,440-லிருந்து 2,750, அதாவது 13 சதவீதம்தான். உங்களைப் போல 500-ஐ ஒட்டி நிற்கிற நடுத்தரக் குடும்பங்கள்தான் பெரிய சுமையைத் தாங்கின. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு, 2024 ஜூலையில் ஏறியது 4.83 சதவீதம். அதில் 500 யூனிட் 1,805 ரூபாய்க்கு வந்து நின்றது.

அப்படியானால் 12 யூனிட்டுக்கு மட்டும் 336 ரூபாயா என்று கேட்பீர்கள். அந்த 2024 கட்டணத்தில், 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் ரூ.2.35. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை ரத்து, அந்த 100 யூனிட்டும் ரூ.4.70 ஆகிவிடும். 501-வது யூனிட்டின் விலை மட்டும் 243 ரூபாய்!

இப்போது அட்டையைப் பாருங்கள். முந்தைய ரீடிங் மார்ச் 28, அடுத்தது மே 30. நடுவில் 63 நாள். இரண்டு மாதக் கணக்குப்படி மே 28-லேயே எடுத்திருந்தால், உங்கள் தினசரிச் செலவுப்படி சுமார் 496 யூனிட், பில் 1,780 ரூபாய் அளவில் நின்றிருக்கும். இரண்டு நாள் தாமதத்துக்கு ஏறக்குறைய 360 ரூபாய் போயிருக்கிறது. அட்டையின் நகலோடு, நாள் கணக்கைக் குறிப்பிட்டு, உங்கள் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்யலாம். அங்கேயும் சரியாகவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது.

அடுத்த கோடையில் 45-வது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். கிலோவாட் மணி (kWh) என்ற குறியோடு நிற்பதுதான் உங்கள் யூனிட். அதிலிருந்து பழைய ரீடிங்கைக் கழித்தால் 375-ஐத் தாண்டுகிறதா? மிச்ச நாளில் ஏசியைக் கொஞ்சம் அடக்க வேண்டும். ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்தால், இரவுக்கு இரண்டு மணி நேரம் குறைத்தாலே 15 நாளில் 30 யூனிட் மிச்சம்.

கேள்வி: வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வீட்டு ஓனர் வாங்குகிறார். ஈபியே அவ்வளவு வாங்குகிறதா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இல்லை. மேலே சொன்ன 2024 கட்டணப்படி ஒரே இணைப்பில் 800 யூனிட் ஓடினால் பில் 4,770 ரூபாய்; சராசரி யூனிட்டுக்கு 6 ரூபாய்கூட இல்லை. 1,000 யூனிட் ஓடினாலும் 6.87தான். கடைசி ஸ்லாபின் (கட்டணப் படியின்) விலையைக் காட்டி எல்லா யூனிட்டுக்கும் வசூலிப்பது தவறு. மெயின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, உங்கள் சப்-மீட்டர் யூனிட்டால் பெருக்குங்கள். அவ்வளவுதான் நீங்கள் தர வேண்டியது. அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் எழுதும்போது இந்த முறையையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.