டெம்பரேச்சர் சுவிட்ச், ஃப்ளோ சுவிட்ச் கேலிபரேஷன்: கேள்வி பதில்

கேள்வி: 80 டிகிரி வந்ததும் டிரிப் ஆகும்படி, அதாவது காண்டாக்ட் மாறும்படி, செட் செய்த டெம்பரேச்சர் சுவிட்ச். டிரை பிளாக்கில் (துளைகள் உள்ள, சூடேற்றும் உலோகக் கட்டை) வைத்துச் சூடேற்றினால் ஒரு முறை 83-இல் டிரிப் ஆகிறது, இன்னொரு முறை 86-இல். சுவிட்ச் போய்விட்டதா சார்?

அவசரப்பட்டுக் கழற்றி வீசாதீர்கள். எவ்வளவு வேகத்தில் சூடேற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே! பிளாக் நிமிடத்துக்கு 5 டிகிரி ஏறினால், பல்பு, அதாவது சுவிட்ச்சின் வெப்பம் உணரும் முனை, பின்தங்கியே வரும். அது 80-ஐத் தொடும்போது பிளாக்கின் திரையில் 84 இருக்கும். குறையை சுவிட்ச் மேல் போட்டுவிடுவோம்.

75 வரை வேகமாகப் போகலாம். அங்கே பத்து நிமிடம் நிறுத்துங்கள். அப்புறம் நிமிடத்துக்கு அரை டிகிரி, மிஞ்சினால் ஒரு டிகிரி. காண்டாக்ட்டில் மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் போட்டு, பீப் மாறும் கணத்தில் ரீடிங் எடுங்கள். அந்த ரீடிங்கையும் பிளாக்கின் திரையில் பார்க்காதீர்கள். பல்புக்குப் பக்கத்துத் துளையில் கேலிபரேட் செய்த பிடி100 (வெப்பநிலை சென்சார்) ஒன்றைச் செருகிப் பாருங்கள். பல்பு துளைக்குள் லொடலொடவென்று ஆடக்கூடாது, முழு நீளமும் உள்ளே இருக்க வேண்டும்.

இப்படி மூன்று முறை. மூன்றும் 83-ஐ ஒட்டியே வந்தால் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். இவ்வளவு மெதுவாகப் போயும் மூன்று இடத்தில் வந்தால், மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: ஏறும்போது 80-இல் டிரிப், இறங்கும்போது 76-இல்தான் ரீசெட். இது பழுதா?

இல்லை, டிரிப்புக்கும் ரீசெட்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் டெட் பேண்ட். அது இல்லாவிட்டால் 80-க்குப் பக்கத்தில் காண்டாக்ட் படபடவென்று அடித்துத் தேய்ந்துவிடும். டேட்டாஷீட் சொல்லும் அளவுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். ஹை அலாரம் என்றால் ஏறும்போது மாறும் புள்ளியை செட் செய்யுங்கள், லோ அலாரம் என்றால் இறங்கும்போது மாறுவதை. இதை மாற்றிச் செய்துவிட்டு டெட் பேண்ட் அளவுக்குத் தள்ளிப்போய் நிற்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பேடில் வகை ஃப்ளோ சுவிட்ச் (குழாய்க்குள் இருக்கும் தகட்டை ஓட்டம் தள்ளினால் காண்டாக்ட் மாறும்). பேடிலை விரலால் தள்ளி, காண்டாக்ட் மாறுகிறதா என்று பார்த்தால் போதாதா?

மைக்ரோ சுவிட்ச்சும் வயரிங்கும் நன்றாக இருக்கின்றன என்பது தெரியும், அவ்வளவுதான். எத்தனை லிட்டரில் மாறும் என்பதை விரல் சொல்லாது. லைனில் தண்ணீரை ஓடவிட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்து, மாறும் இடத்தைப் பிடியுங்கள். ஓட்டத்தை அளக்கக் குழாய்க்கு வெளியே மாட்டும் அல்ட்ராசானிக் மீட்டர் வசதி. சின்ன லைன் என்றால் வாளியும் ஸ்டாப்வாட்சும் போதும்: 10 லிட்டர் நிரம்ப 30 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 20 லிட்டர்.

கிடைக்குழாய்க்கு செட் செய்ததை அப்படியே செங்குத்துக் குழாயில் மாட்டாதீர்கள். பேடிலின் சொந்த எடையும் கணக்கில் சேர்ந்துவிடும். எல்போவை (குழாய் வளைவை) ஒட்டி மாட்டியிருந்தால் சுழலில் பேடில் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்கு எந்த ஸ்க்ரூவும் மருந்தில்லை. முன்னும் பின்னும் குழாய் விட்டத்தைப் போல் ஐந்து மடங்காவது நேர்க்குழாய் கொடுங்கள்.

கேள்வி: தெர்மல் வகை ஃப்ளோ சுவிட்ச்சைத் தண்ணீரில் கேலிபரேட் செய்து ஆயில் லைனில் போடலாமா?

கூடாது. சூடேறிய முனையை ஓட்டம் எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் அது ஓட்டத்தை அறிகிறது. ஆயில் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை எடுத்துப் போகாது. ஆயில் நன்றாக ஓடும்போதே 'ஓட்டம் குறைவு' என்று டிரிப் ஆகிவிடும். அதே ஆயிலில், வேலை செய்யும் வெப்பநிலையில் செட் செய்யுங்கள்.

கேள்வி: ஓடும் பிளாண்ட்டில் சுவிட்ச்சைக் கழற்றலாமா?

பெர்மிட் (வேலைக்கான எழுத்து அனுமதி), கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல், இன்டர்லாக் பைபாஸ் (சுவிட்ச் மாறினால் மெஷினை நிறுத்தும் இணைப்பைத் தற்காலிகமாக விலக்கி வைப்பது). இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். முடிந்ததும் பைபாஸை எடுத்ததற்கும் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் கடைசி ரீடிங் மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. ஸ்க்ரூவைத் தொடும் முன் எங்கே மாறியது என்பதுதான் முக்கியம். 80-இல் மாற வேண்டியது 92-இல் மாறியிருந்தால், போன கேலிபரேஷனுக்குப் பிறகு எப்போதிலிருந்து மெஷின் பாதுகாப்பில்லாமல் ஓடியது என்று யாராவது பார்த்தாக வேண்டும். திருத்திய பிறகு வந்த 80-ஐ மட்டும் எழுதினால், அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரியாது.