கோல்ஃப் எஸ்டேட்டில் புது வீடு: வாங்கலாமா, வாடகைக்கு இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. சொந்த ஊர் திருச்சி. ஒன்பது வருடமாக தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வேலை பார்க்கிறேன், நிரந்தர வசிப்புரிமை உண்டு. உம்லாங்காவில் மாதம் 21,000 ரேண்ட் வாடகையில் இருக்கிறோம். நகருக்கு வடக்கே ஒரு கோல்ஃப் எஸ்டேட்டில் (கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வேலியும் காவலும் போட்ட குடியிருப்பு) புதிதாகக் கட்டும் பகுதியில் 42 லட்சம் ரேண்டுக்கு ஒரு வீடு பார்த்தோம், இன்னும் கட்டி முடியவில்லை. மாத லெவி, அதாவது பொதுப் பராமரிப்புக் கட்டணம், 4,200 என்கிறார்கள், நகராட்சி வரி 3,800 வருமாம். அதே எஸ்டேட்டின் பழைய பகுதியில் ஒரு வீடு 36 லட்சத்துக்கு விலைக்கு இருக்கிறது, அதற்கு லெவி 5,600. பழைய பகுதியில் 27,000 வாடகைக்கும் வீடு கிடைக்கும். கையில் 13 லட்சம் ரேண்ட் சேமிப்பு உள்ளது. சின்னவள் பள்ளி முடிக்க எட்டு வருடம் ஆகும், அதன் பிறகு ஊருக்குத் திரும்புவதாகத் திட்டம். என் மனைவிக்குப் பாதுகாப்புதான் முக்கியம். எங்கள் இருவருக்கும் கோல்ஃப் தெரியாது. புது வீட்டுக்கு 20,000 ரேண்ட் முன்பதிவுத் தொகை கட்டிவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா?

பதில்: உங்கள் மனைவி கேட்கும் பாதுகாப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போதும் 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போதும் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வேலியும் காவலும் சொந்தத் தண்ணீர்த் தொட்டியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். டோங்காட் பகுதியில் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்தது. எனவே எஸ்டேட்டுக்குள் போய் வாழ்வது நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் நிலையில் அங்கே வாழ்வதற்கு வீடு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. என் ஆலோசனை, பழைய பகுதியில் வாடகைக்குப் போங்கள். புது வீட்டை விட்டுவிடுங்கள்.

காரணத்தைக் கணக்கிலிருந்தே சொல்கிறேன். 10 லட்சம் முன்பணம் போட்டு 32 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். வட்டி 10.5%, தவணை 20 வருடம். மாதத் தவணை சுமார் 32,000 ரேண்ட் வரும். லெவியும் நகராட்சி வரியும் சேர்த்தால் 40,000. எட்டு வருடத்தில் வங்கிக்கு 30 லட்சத்துக்கும் மேல் கட்டியிருப்பீர்கள், ஆனால் அசலில் கழிந்திருப்பது 6 லட்சத்துக்கும் குறைவு. 26 லட்சம் பாக்கி நிற்கும். ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அதனால் இப்படி. 20 வருடம் அங்கேயே இருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. எட்டு வருடத்தில் கிளம்புகிறவருக்கு இதுதான் முழுப் பிரச்சினை.

அப்புறம் விற்கிற நேரத்தில் தரகர் கமிஷன், அதன்மேல் வாட் என்று 5 முதல் 6 சதவீதம் போய்விடும். பல எஸ்டேட்களில் விற்பவர் விற்பனை விலையில் ஒரு பங்கை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் நிதிக்குக் கட்ட வேண்டும் என்றும் விதி உண்டு. உங்கள் எஸ்டேட்டின் விதிகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு விலை ஆண்டுக்கு 4% ஏறுகிறது என்று வைத்தால், எட்டாவது வருட முடிவில் கடனும் கமிஷனும் போக உங்கள் கைக்கு 28 லட்சம் ரேண்ட் வரும். இப்போதைய வாடகையிலேயே இருந்து, அந்த 10 லட்சத்தையும் மாதாமாதம் மிச்சமாகும் தொகையையும் வரி போக 8% தரும் முதலீட்டில் போட்டால், வாடகை ஆண்டுக்கு 6 சதவீதமும் லெவி, வரி 7 சதவீதமும் ஏறுவதாகக் கணக்கிட்டாலும் 41 லட்சம் நிற்கும். வீட்டுக் கணக்கு இதைப் பிடிக்க வேண்டுமானால் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 7% ஏற வேண்டும். எஸ்டேட்டுக்குள் 27,000 வாடகைக்குப் போனால் இந்த இடைவெளி சுருங்கும், மறையாது. மிச்சமாகும் பணத்தை உண்மையிலேயே முதலீடு செய்ய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. செலவழித்துவிடுவீர்கள் என்றால் கணக்கு தலைகீழாகும்.

இனி லெவி. புது வீட்டுக்கு 4,200, பழைய வீட்டுக்கு 5,600 என்றதும் புதியது மலிவு என்று தோன்றும். நான் அதை நம்ப மாட்டேன். புதுப் பகுதியில் விற்பனை நடக்கும் வரை கட்டுமான நிறுவனம் லெவியைத் தாழ்த்தி வைத்திருப்பது வழக்கம், பற்றாக்குறையைத் தானே ஈடுகட்டும். வீட்டு உரிமையாளர் சங்கத்தில் முடிவெடுக்கும் அதிகாரமும் பெரும்பாலும் கடைசி மனை விற்கும்வரை அவர்களிடமே இருக்கும். விற்று முடித்து விலகியதும் காவல், சாலை, தெருவிளக்கு, வடிகால் எல்லாச் செலவும் உங்கள் தலையில் இறங்கும். விளம்பரத்தில் காட்டிய கிளப் கட்டடமும் நீச்சல் குளமும் எந்தத் தேதிக்குள் வரும் என்பது விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உங்களுக்கு உரிமை. படத்தில் இருப்பதால் இல்லை.

கோல்ஃப் விளையாடாதவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். 18 குழி மைதானத்தைப் பச்சையாக வைத்திருக்கும் செலவை யார் ஏற்கிறார்கள்? மைதானம் தனி நிறுவனத்திடம் இருந்து, உறுப்பினர் கட்டணத்தில் ஓடுகிறது என்றால் கிளப்பின் கடைசி மூன்று வருடக் கணக்கைப் பாருங்கள். சங்கத்தின் கையிலேயே மைதானம் இருந்தால் நீங்கள் மட்டையைத் தொடாவிட்டாலும் உங்கள் லெவியில் ஒரு பங்கு புல் வெட்டப் போகும். பல இடங்களில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கிளப்பின் சமூக உறுப்பினராக (கோல்ஃப் ஆடாத உறுப்பினர்) இருந்தே தீர வேண்டும், அதற்கும் கட்டணம் தனி. மைதானம் நொடித்தால் சுற்றியுள்ள வீட்டு விலையும் விழும் என்பதால், கிளப் தடுமாறும்போது உரிமையாளர்கள் சிறப்பு லெவி போட்டு அதைத் தூக்கி நிறுத்துவார்கள். அந்த ஓட்டெடுப்பில் நீங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் கட்டத்தான் வேண்டும்.

மைதானத்தை ஒட்டிய வீட்டுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். வலக்கை ஆட்டக்காரர்கள் தவறாக அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்பக்கமாகத்தான் வளையும். ஆட்டம் தொடங்கும் மேடையிலிருந்து 150, 200 மீட்டர் தள்ளி வலப்பக்கம் இருக்கிற வீடுகளின் கண்ணாடி அதிகம் உடையும். வீடு பார்க்கப் போகும்போது சனிக்கிழமை காலை போய், கூரை ஓடுகளையும் தோட்டத்தையும் பாருங்கள். பந்து கிடந்தால் விலையைக் குறைத்துக் கேட்க நல்ல ஆதாரம். கண்ணாடி உடைந்தால் காப்பீடு தருமா என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். புல் வெட்டும் வண்டி விடியும் முன்பே வந்துவிடும் என்பது இலவசத் தகவல்.

எஸ்டேட்டுக்குள் வாழ்வது என்றால் இன்னொரு சின்ன அரசாங்கத்துக்குள் குடிபோவது. இதற்கு உங்கள் வட்டாரத்திலேயே பெரிய வழக்கு இருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் எஸ்டேட்டில் உள் சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற வேக வரம்பை மீறியதற்கு சங்கம் அபராதம் போட்டது. ஒரு வீட்டுக்காரர் நீதிமன்றம் போனார். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வீடு வாங்கும்போதே விதிகளுக்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது, சாலைகள் எஸ்டேட்டுக்குச் சொந்தமானவை, அபராதம் செல்லும் என்றது. ஆகவே விதிப் புத்தகத்தை ஒப்பந்தம் போலவே வரி வரியாகப் படியுங்கள். சங்கத்தோடு தகராறு வந்தால் 2011 சட்டத்தின்கீழ் அமைந்த சமூகத் திட்டக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம், வக்கீல் செலவு இல்லாமல் முடியும். ஆனால் அது விதிகளை உங்களுக்காகத் தளர்த்தித் தரும் இடம் இல்லை.

நம் ஆட்கள் எந்த விதிகளைப் பார்க்க வேண்டும் என்றால், தீபாவளிக்குப் பட்டாசு (பல எஸ்டேட்களில் தடை), வீட்டு விசேஷத்துக்கு ஷாமியானாவும் மேளமும், ஒரே நேரத்தில் எத்தனை விருந்தினர் கார் உள்ளே வரலாம், ஊரிலிருந்து வரும் அம்மா அப்பா ஆறு மாதம் தங்கினால் நுழைவு அட்டை உண்டா, வீட்டு வேலைக்கு வருபவர் எப்படி வந்து போக வேண்டும், வெளியில் துணி காயப்போடலாமா. அற்பமாகத் தெரியும். அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சங்கக் கூட்டத்தில் மைதானத்தைவிட இதற்குத்தான் சண்டை.

நல்ல பக்கமும் இருக்கிறது. பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டலாம். மாலையில் பயமில்லாமல் நடக்கலாம். கரும்புத் தோட்டமாக இருந்த நிலத்தில்தான் இந்த எஸ்டேட்கள் பல எழுந்திருக்கின்றன, 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்த முதல் கூலித் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இன்று அதே நிலத்தில் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று நடக்கும் திருவிழாவுக்கு ஒருமுறை போனால் பக்கத்து வீட்டுப் பழக்கம் தானாக வந்துவிடும். இதையெல்லாம் வாடகைக்கு இருந்தே அனுபவிக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

வரி விஷயம் சுருக்கமாக. புது வீடு, விற்பவர் வாட் பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பரிமாற்ற வரி (சொத்து கைமாறும்போது வாங்குபவர் கட்டுவது) கிடையாது, 15% வாட் விலைக்குள்ளேயே இருக்கும். இதைச் சலுகை என்று விற்பனையாளர் சொல்வார். பழைய வீட்டுக்கு 2025 ஏப்ரல் முதல் உள்ள அட்டவணைப்படி 36 லட்சத்துக்கு சுமார் 1,73,000 ரேண்ட் பரிமாற்ற வரி. அதைச் சேர்த்தாலும் பழைய வீடு 4 லட்சத்துக்கு மேல் மலிவு, மரம் வளர்ந்திருக்கிறது, லெவியும் நிஜ லெவி. புது வீட்டின் ஒரே உறுதியான நன்மை, வீடு கட்டுவோரைப் பதிவு செய்யும் அமைப்பான என்எச்பிஆர்சியின் பதிவினால் வரும் ஐந்து வருடக் கட்டமைப்பு உத்தரவாதம். எட்டு வருடத் திட்டம் பதினைந்தாக மாறினால், மூத்த பிள்ளை அங்கேயே பல்கலைக்கழகம் போகிறது என்றால், அப்போது வாங்குங்கள். பழைய பகுதியில் வாங்குங்கள்.

ஊர் திரும்புகிற பக்கத்தையும் பார்ப்போம். 2011இல் ஒரு ரேண்டுக்கு 6 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. 2024இல் நான்கரை ரூபாயை ஒட்டி நின்றது. அதாவது ரேண்டில் வீட்டு விலை ஏறினாலும் திருச்சியில் எண்ணிப் பார்க்கும்போது லாபம் கரைந்துபோகலாம். வாடகைக்கு இருந்தால் சேமிப்பின் ஒரு பகுதியை இப்போதிலிருந்தே ரூபாயிலோ டாலரிலோ மாற்றிக்கொண்டே வர முடியும். வீட்டில் போட்டால் முழுவதும் ஒரே நாணயத்தில் எட்டு வருடம் பூட்டி வைக்கிறீர்கள்.

ஒருவேளை வாங்கி, விற்காமலே இந்தியா திரும்பினால்? வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அனுமதிக்கிறது. வாடகை வருமானத்துக்குத் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸுக்கு வரி கட்ட வேண்டும். இந்தியாவில் முதல் இரண்டு மூன்று வருடம் நெடுநாள் வெளிநாட்டில் இருந்து திரும்பியவருக்கான 'வசித்தும் வழக்கமாக வசிக்காதவர்' என்ற வரித் தகுதி கிடைத்தால் அந்த வாடகைக்கு இங்கே வரி இல்லை, அதன் பிறகு உண்டு. இரு நாட்டு ஒப்பந்தப்படி அங்கே கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். முழு வசிப்பாளர் ஆனபின் ஒவ்வொரு வருடமும் வருமான வரிப் படிவத்தில் அந்த வீட்டைக் காட்ட மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். தென்னாப்பிரிக்காவில் வசிக்காதவர் ஆன பிறகு 20 லட்சம் ரேண்டுக்கு மேல் விற்றால், வாங்குபவர் விலையில் 7.5% பிடித்து சார்ஸிடம் கட்ட வேண்டும். அது முன்கூட்டி பிடிக்கும் வரிதான், கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் திருச்சியிலிருந்து அதற்காக அலைய வேண்டும். விற்பதானால் கிளம்பும் முன்பே விற்றுவிடுவது நல்லது.

கட்டிய 20,000 ரேண்டைப் பற்றி: முன்பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை திருப்பித் தரப்படும் என்று பல படிவங்களில் இருக்கும். அப்படி இருந்தால் விலகுகிறேன் என்று இந்த வாரமே மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் சொன்னால் போதாது. பணம் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் (வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) இருக்கிறதா, நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் எனக்கு எழுத வேண்டாம், நேராகச் சொத்து வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற நிபந்தனை அதில் எந்தத் தேதி வரை இருக்கிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.