லாவெண்டர், டோங்கா, மது மணம்: தோலில் நடப்பது என்ன?

லாவெண்டரில் தொடங்கி, நடுவில் மதுவின் வெம்மையைக் காட்டி, டோங்கா விதையின் இனிப்பில் போய்த் தங்கும் வாசனைத் திரவியங்களைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இவற்றில் பாதி, தெளித்தவுடன் வரும் மணத்தையே அந்தத் திரவியத்தின் மணம் என்று எடுத்துக்கொண்டதால் எழுந்தவை.

கேள்வி: கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்தபோது லாவெண்டர் தூக்கலாக இருந்தது, அதை நம்பித்தான் வாங்கினேன். மணிக்கட்டில் அடித்துக்கொண்டால் சிறிது நேரத்திலேயே லாவெண்டர் போய், இனிப்புதான் மிஞ்சுகிறது. எனக்குக் கிடைத்தது போலியா?

பதில்: இதை வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது; அசலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். லாவெண்டர் எண்ணெயின் பெரும்பகுதி லினலூல், லினலைல் அசிடேட் ஆகிய இரண்டு பொருள்களால் ஆனது. இரண்டும் விரைவில் ஆவியாகிவிடுபவை. டோங்காவின் மணத்துக்கு முதற்காரணமான கூமரினோ, அறை வெப்பத்தில் வெண்ணிறப் படிகமாக இருக்கும் திடப்பொருள். அது உருகுவதற்கே ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். எனவே முன்னது பறந்துபோன பிறகும் பின்னது தோலிலிருந்து சிறிது சிறிதாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. காகிதத்துக்கு உடற்சூடும் கிடையாது, எண்ணெய்ப் பசையும் கிடையாது என்பதால் அதில் லாவெண்டர் சற்று நெடுநேரம் நிற்கும்.

இந்த வகைத் திரவியம் ஒன்றை இடது மணிக்கட்டில் ஒரு முறையும் பட்டையில் ஒரு முறையும் தெளித்து, அவ்வப்போது முகர்ந்து குறித்து வைத்தேன். முதல் நிமிடத்தில் தோலில் இருந்தது ஆல்கஹாலின் நெடி மட்டுமே. அது விலகியதும், பச்சிலையைக் கசக்கியதுபோலக் கற்பூரச் சாயலோடு லாவெண்டர் எழுந்தது. 20 நிமிடங்களில் கற்பூரம் அடங்கி, மதுவில் ஊறிய உலர்திராட்சையின் வாசம் அதன் இடத்தைப் பிடித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு லாவெண்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 3 மணி நேரம் கழித்து, காய்ந்த வைக்கோலும் பாதாமும் வெனிலாவும் கலந்த அடிமணம் மட்டுமே தோலை ஒட்டிக் கிடந்தது. பட்டையில் அப்போதும் லாவெண்டர் மங்கலாகத் தெரிந்தது.

ஆகவே வாங்குவதற்கு முன் தோலில் தெளித்துக்கொண்டு கடையை விட்டு வெளியேறிவிடுங்கள். 3 மணி நேரம் கழித்து மணிக்கட்டில் இருப்பது பிடித்திருந்தால் மட்டும் திரும்பிப் போங்கள். மாலை வரை உங்களோடு இருக்கப் போவது அதுதான். கற்பூரச் சாயல் உங்களுக்கு ஆகாதென்றால் ஒன்றைக் கவனிக்கலாம்: லாவண்டின் எனப்படும் கலப்பினச் செடியின் எண்ணெய் விலை குறைவு, அதில் கற்பூரம் கூடுதல், அசல் லாவெண்டர் எண்ணெய் அதைவிட மென்மையானது.

கேள்வி: ‘ரம் மணம்’, ‘கோன்யாக் மணம்’ (கோன்யாக் ஒரு பிரெஞ்சு பிராந்தி) என்று எழுதியிருக்கிறார்களே, உள்ளே உண்மையிலேயே மது இருக்கிறதா? குடித்துவிட்டு வந்ததாக மற்றவர்கள் நினைத்துவிடுவார்களோ?

பதில்: நம் மொழியில் நெடி வேறு, வாடை வேறு, மணம் வேறு; இந்தக் கேள்விக்கான விடை ஏறக்குறைய அந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. தெளிப்பான் திரவியங்களில் பெரும்பாலானவற்றுக்கு எத்தில் ஆல்கஹால்தான் கரைப்பான். ரோஜா மணம் கொண்ட குப்பியிலும் அதே ஆல்கஹால்தான் இருக்கிறது. அதன் நெடி ஓரிரு நிமிடங்களில் ஓடிவிடும். நீங்கள் ரம் என்று உணர்வது அதற்குப் பிறகும் நிற்கும் வேறொன்று. மது நொதித்து முடிந்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலைக் காய்ச்சி வடித்தால் கோன்யாக் எண்ணெய் கிடைக்கிறது. மிகச் சிறிதளவே சேர்த்தாலும் பழமும் மதுவும் கலந்த சாயலைக் கொடுத்துவிடும். தவனம் என்றும் மரிக்கொழுந்து என்றும் நாம் அழைக்கும் செடியின் எண்ணெயையும் இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். தலையில் சூடும் மரிக்கொழுந்தை மட்டுமே அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அதன் எண்ணெயை முகர்ந்தால் உலர்பழத்தை மதுவில் ஊறவைத்த ஜாடியைத் திறந்ததுபோல் இருக்கும். இவற்றோடு எஸ்டர்கள் எனப்படும், பழவாசம் தரும் சில வேதிப்பொருள்களும், ஓக் பீப்பாயை நினைவூட்டும் மரச்சாயலும் சேர்ந்தால் மது மணம் ஆயிற்று.

ரம்முக்கும் டோங்காவுக்கும் உள்ள உறவு பழையது. தென் அமெரிக்க மரமொன்றின் விதையான டோங்காவை ரம்மில் ஊறவைத்துக் காயவைக்கும் வழக்கம் உண்டு; காயும்போது கூமரின் வெளியே வந்து, கரிய தோலின்மேல் பனி படிந்ததுபோல் வெண்படிகங்களாக நிற்கும். இந்த இரண்டு மணங்களும் இணைந்து வருவது இயல்பாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலைக்கு: குடித்தவரின் மூச்சில் வருவது வாடை, அதில் வெனிலாவும் வைக்கோலும் இருப்பதில்லை. ஆனாலும் தெளித்த 5 நிமிடங்களுக்குள் ஒரு நேர்காணலுக்குள் நுழைய வேண்டாம்.

கேள்வி: இது ஆண்களுக்கான மணமா?

பதில்: விற்பனைக்காகப் போட்ட கோடு அது. லாவெண்டரையும் கூமரினையும் சேர்க்கும் மரபு, 1882-இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் போல் பார்க்கே உருவாக்கிய ‘ஃபூஜேர் ரொயால்’ திரவியத்தால் நிலைபெற்றது. 1868-இல் வேதியியலாளர் வில்லியம் பெர்கின் கூமரினை ஆய்வகத்தில் செய்து காட்டியிராவிட்டால் அது பிறந்திருக்காது. ‘ஃபூஜேர்’ என்றால் பெரணிச் செடி. பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மணமே கிடையாது என்பது வேடிக்கை. 1889-இல் வந்த, கெர்லேன் நிறுவனத்தின் ‘ஜிக்கி’ திரவியத்திலும் லாவெண்டர், கூமரின், வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலின் மூன்றும் உண்டு; அதை இருபாலரும் அணிந்திருக்கிறார்கள். சவரக் கடைகளோடும் சோப்புகளோடும் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பழக்கத்தால்தான் இது ஆண்களின் மணமாகத் தோன்றுகிறது.

கேள்வி: 2 மணி நேரத்தில் எனக்கு மணமே தெரிவதில்லை, அருகில் வருபவர்களோ தலைவலிக்கிறது என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வதை நம்புங்கள். ஒரே மணத்தில் தொடர்ந்து இருக்கும் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். டோங்கா, வெனிலா போன்று ஒரே சீராக, தோலை ஒட்டி நிற்கும் அடிமணங்களில் இது எளிதில் நேர்கிறது. மணம் போய்விட்டது என்று எண்ணி மேலும் மேலும் தெளித்துக்கொள்வதுதான் தவறு. நானே ஒருமுறை அப்படி 7, 8 தடவை தெளித்துக்கொண்டு ஜன்னல் இல்லாத அறையில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து எதிர்ப்புறம் போய் அமர்ந்தார். வெயில் காலத்தில் தோலின் சூடு ஏறுவதால் இனிப்பு இன்னும் கனக்கும். அப்போது ஒரு தடவை, அதுவும் சட்டைக்கு உள்ளே மார்பில் தெளித்தால் போதும்.

உண்மையிலேயே மணம் நிற்காதவர்களும் இருக்கிறார்கள்; பெரும்பாலும் வறண்ட தோலுடையவர்கள். குளித்தபின் வாசனையற்ற ஈரப்பதக் கிரீமைத் தடவி, அதன்மேல் தெளித்தால் வேறுபாடு தெரியும்.

கேள்வி: தெளித்தபின் இரு மணிக்கட்டுகளையும் தேய்த்துக்கொள்ளக் கூடாதாமே?

பதில்: தேய்த்தால் மணத்தின் மூலக்கூறுகள் உடைந்துவிடும் என்பது வெறும் பேச்சு. உராய்வின் சூட்டில் லாவெண்டர் இன்னும் சீக்கிரம் பறந்துவிடும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் கூமரின் வகை என்கிறார்கள். டோங்கா உள்ள திரவியம் எனக்கு ஆபத்தா?

பதில்: பெயர் ஒற்றுமையால் வந்த அச்சம் இது. வார்ஃபரின், கூமரினின் அடிப்படை அமைப்பைக் கொண்டது என்பது உண்மை; ஆனால் மணத்துக்குக் காரணமான கூமரினுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை கிடையாது. அமெரிக்காவில் 1954 முதல் உணவில் கூமரினைச் சேர்ப்பதற்குத் தடை இருப்பதும் வேறு காரணத்துக்காக: அதிக அளவில் உட்கொண்டால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால். தோலில் ஒன்றிரண்டு முறை தெளிப்பது அதோடு ஒப்பிடத்தக்கதன்று. மாத்திரை தொடர்பாக வேறு ஐயம் இருந்தால் அதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெகுநாளாக வைத்திருந்த குப்பியிலிருந்து தெளித்ததும் கழுத்தில் சிவந்து அரிக்கிறது. முன்பு இப்படி ஆனதில்லை.

பதில்: முதலில் அதை நிறுத்துங்கள். லினலூல் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஹைட்ரோபெராக்சைடுகள் உருவாகின்றன. புதிய லினலூலைவிட இவையே தோலில் ஒவ்வாமையைத் தூண்டுவதில் வலியவை. பாதிக்கு மேல் காலியாகி, உள்ளே காற்று நிறைந்து, வெளிச்சமும் சூடும் படும் இடத்தில் நின்ற குப்பியில் இதற்கான வாய்ப்பு மிகுதி. ஐரோப்பிய விதிகளின்படி, தோலில் தங்கவிடும் பொருள்களில் லினலூலோ கூமரினோ 0.001 சதவீதத்தைத் தாண்டினால் அதன் பெயரை உறையில் குறிப்பிட்டாக வேண்டும். வேறொன்றை வாங்குமுன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள். அரிப்பு தணியவில்லை என்றாலோ மறுபடி வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒட்டுச் சோதனையில் அவர் கண்டுபிடிப்பார். சவரம் செய்த கையோடு கழுத்தில் தெளிப்பது, ஒவ்வாமை இல்லாதவருக்கும் எரியும்.

கேள்வி: தோலில் வேண்டாம் என்று சட்டையில் தெளிக்கலாமா?

பதில்: தெளிக்கலாம், லாவெண்டரும் துணியில் கூடுதல் நேரம் தங்கும். ஆனால் டோங்காச் சாறு இயல்பிலேயே நிறமுள்ளது. அதோடு சேர்க்கும் வெனிலினும் நாள்பட நாள்படப் பழுப்பேறும். வெள்ளைச் சட்டையும் பட்டும் வேண்டாம். கருநிறச் சட்டையானால், காலரின் உட்புறத்தில் ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தெளியுங்கள்.