கஜானா சாவி யாருகிட்ட? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க பக்கம் கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் வேறு வச்சிடுவாக, ஒரே வளவுக்குள்ள அஞ்சு அடுப்பு எரியும், அதுபாட்டுக்கு ஓடும். அவ்ளோ பெரிய தேசத்த வச்சிருந்த மொகலாயருக ஏன் அண்ணன் தம்பிக்குள்ள பிரிச்சுக்கல?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பிரிச்சுக்கங்கன்னு அவுரங்கசீப்பு உயிலே எழுதி வச்சாருன்னு சொல்றாக ஆச்சி, யாரு கேட்டா? மூத்தவனுக்குத்தான் பட்டம்ங்கிற சட்டமே அங்க கிடையாது, எல்லா மகனுக்கும் உரிமை உண்டு, சிம்மாசனம் இல்லைன்னா பாடை, அம்புட்டுத்தான். அவரே அண்ணன் தாராவ தீத்துட்டு அப்பா ஷாஜகான ஆக்ரா கோட்டையில அடைச்சு வச்சு வந்த ஆளு, இவரு புள்ளைகளுக்கு புத்தி சொன்னா எடுபடுமா.

1707ல அவரு போறப்ப வயசு 88, மகன் முவாசமுக்கே 63 (நம்மூர்ல சஷ்டியப்தபூர்த்தி முடிஞ்சிருக்கும்!). முவாசம் வடமேற்குலருந்து ஓடி வர்றாரு, தம்பி ஆசம் தக்காணத்துலருந்து ஓடி வர்றாரு, ரெண்டு பேருக்கும் குறி ஆக்ரா கஜானா. அது முவாசம் கைக்குப் போயிருச்சு, ஜூன் மாசம் ஆக்ரா பக்கத்துல ஜாஜவ்ங்கிற எடத்துல நடந்த சண்டையில ஆசமும் அவரு மகனும் காலி. கடைசித் தம்பி காம்பக்ஷ் 1709ல ஹைதராபாத் பக்கம்.

ஆனா எனக்கு 1712 லாகூர்தான் பெரிய கூத்து. முவாசம் செத்ததும் நாலு மகன்க, அதுல பணமும் படையும் அசீமுஷ்ஷான்கிட்ட. உடனே சுல்பிகர்கான்னு ஒரு பெரிய மனுசன் பஞ்சாயத்துக்கு வந்து, மத்த மூணு பேரையும் உக்கார வச்சு, அவன முடிச்சுட்டு தேசத்த மூணா பிரிச்சுக்கலாம்னு பேசி முடிச்சாரு. முடிச்சாக. அசீமுஷ்ஷான் ஏறியிருந்த யானை ராவி ஆத்துப் பக்கம் ஓடிப் புதைஞ்சு போச்சுன்னு சொல்லுவாக. சரி பங்கு? புடிச்ச பொக்கிஷ வண்டிகள பிரிக்கிற எடத்துலயே சண்ட, அடுத்த சில நாள்ல ஜகான்ஷா செத்தாரு, அப்புறம் ரஃபியுஷ்ஷானும், ஜகாந்தர்ஷா ஒருத்தரு மட்டும் மிச்சம். வருஷம் திரும்பறதுக்குள்ள அசீமுஷ்ஷான் மகன் ஃபரூக்சியர் வந்து சித்தப்பா பெரியப்பான்னு பாக்காம அவரையும் முடிச்சாரு, பஞ்சாயத்துப் பண்ண சுல்பிகர்கானும் தப்பல.

ஃபரூக்சியர சிம்மாசனத்துல தூக்கி வச்ச சையதுங்கிற பிரபுக்க, அண்ணன் தம்பிக ரெண்டு பேரே 1719ல அவர கண்ணக் குருடாக்கி கொன்னாக. அந்த ஒரே வருஷத்துல டில்லி நாலு பாதுஷாவப் பாத்துச்சு, நடுவுல வந்த ரெண்டு பையன்களும் சீக்காளிக, மாசக்கணக்குல போயிட்டாக.

கேள்வி: எங்க ஐயா கட்டுன வீட்டு சாவி ஏழு பங்காளி கையில இருக்கு, தேக்குத்தூண் நிக்குது, பித்தளைச் சாமான் காணோம். அந்த மொகலாயர் கஜானா கடைசியில யாருக்குண்ணே?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எந்தப் பங்காளிக்கும் இல்ல. 1739ல ஈரான் ராஜா நாதிர்ஷா வந்து மயிலாசனத்தோட வழிச்சுக்கிட்டுப் போயிட்டாரு, அந்தக் காசு இருந்த தெம்புல ஈரான்ல மூணு வருஷம் வரியே வேணாம்னுட்டாரு. உங்க பித்தளைக்கு பழைய சாமான் விக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருல ஒரு நட நடந்து பாருங்க.