‘தானாக இறங்கினார்’ என்று சொல்லி ஆலை உரிமையாளர் பொறுப்பிலிருந்து விலக முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 30. ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஒரு சாயப்பட்டறையில் கான்ட்ராக்டர் மூலமாக மாதம் 18,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம், கழிவுநீர்த் தொட்டியில் கசடு அள்ள இறங்கிய சக தொழிலாளி உள்ளேயே மயங்கி விழ, அவரைத் தூக்குவதற்காக இறங்கிய என் கணவரும் மேலே வரவில்லை. இருவருமே இறந்துவிட்டார்கள். பட்டறையின் கழிப்பறைக் குழாயும் அதே தொட்டியில்தான் விழுகிறது. ‘அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை, குடித்திருந்தார், எங்கள் ஆளும் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்’ என்று உரிமையாளர் சொல்கிறார். 5 லட்சம் ரூபாய் தருவதாகவும், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்கிறார். நான் இரண்டு குழந்தைகளோடு தருமபுரியில் என் தாய் வீட்டில் இருக்கிறேன். என் தம்பியும் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறான். அடுத்த மாதம் தொட்டி கழுவ அவனை இறங்கச் சொல்கிறார்களாம். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த முத்திரைத்தாளில் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் 17-வது பிரிவின்படி, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. இறந்தவருக்கான இழப்பீட்டைக் குடும்பத்தாரின் கையில் நேரடியாகக் கொடுப்பதையும் 8-வது பிரிவு இழப்பீடாக ஏற்பதில்லை. அந்தத் தொகையை இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும், அவர்தான் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பிரித்துக் கொடுப்பார். அன்றாடச் செலவுக்கே நெருக்கடி என்றால், மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை முன்பணமாகக் கொடுக்க அதே பிரிவு இடம் தருகிறது. அதை வாங்கிக்கொண்டு, ‘முன்பணமாகப் பெற்றேன்’ என்ற ஒரு வரிக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 21.11.2025 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழைய சட்டத்தைக் கொண்டு எப்படி வழக்காடுவது என்று யாராவது உங்களைக் குழப்பக்கூடும். உங்கள் கணவர் இறந்தது அதற்கு முன்பு. விபத்து நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படியே உங்கள் உரிமையும் அவர்களின் குற்றமும் தீர்மானிக்கப்படும்.

‘தானாக இறங்கினார்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 36-வது பிரிவு, நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றியது. அத்தகைய இடத்துக்குள் எவரையும் இறங்கச் சொல்லவும் கூடாது, இறங்க விடவும் கூடாது என்று அது இரண்டையும் சேர்த்தே தடுக்கிறது. ஆகவே ‘நாங்கள் சொல்லவில்லை’ என்பது பாதிப் பதில்தான். ‘ஏன் இறங்க விட்டீர்கள்’ என்ற மறுபாதிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். வாயுவை வெளியேற்றவும், புதிதாக வாயு புகாமல் தடுக்கவும் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முதலில் செய்திருக்க வேண்டும். அதன் பிறகு, தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து, உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று கொடுத்திருக்க வேண்டும். அல்லது இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஓர் ஆள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் இறங்கிய தொழிலாளிக்கு இவற்றில் ஒன்று முறையாக நடந்திருந்தால், அவரைக் கயிற்றைப் பிடித்தே மேலே இழுத்திருக்கலாம், அல்லது அவர் மயங்கியே இருக்க மாட்டார். உங்கள் கணவர் இறங்கவேண்டிய நிலையை உண்டாக்கியது ஆலை நிர்வாகம்தான்.

ஆகவே உங்கள் வழக்கு முழுவதும் ஒரு தாளைச் சுற்றியே நிற்கும். அன்று காலை அந்தத் தொட்டிக்குக் கொடுக்கப்பட்ட சோதனைச் சான்று எங்கே, அதில் கையெழுத்திட்டவர் யார், எந்தக் கருவியால் எத்தனை மணிக்கு அளந்தார் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அந்தத் தாள் இருக்காது என்பதே என் அனுபவம். இருந்தாலும், பிறகு தயாரித்தது என்பது கருவியின் கொள்முதல் ரசீதிலோ வேறெங்கோ வெளிப்படும். சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில், ‘பாதுகாப்புக் கயிறு கட்டித்தான் இறக்கினோம்’ என்று சொன்ன ஆலை நிர்வாகம், நைலான் கயிறு ஒன்றைச் சான்றுப் பொருளாகக் கொண்டுவந்து வைத்தது. அதை நீதிமன்றத்தில் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர் சுற்றிக் கட்டிய கட்டு அவிழ்க்கப்படவில்லை, விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது, ஒரு துளி சேறு கூட அதில் இல்லை. ரசீதை வரவழைத்தபோது, மரணம் நடந்து இரண்டு நாள் கழித்து வாங்கிய கயிறு அது என்று தெரிந்தது. இரண்டு உயிர் போன பிறகு வாங்கிய அந்தக் கயிற்றை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

குடித்திருந்தார் என்ற பழிக்கு இந்த இழப்பீட்டு வழக்கில் இடமே இல்லை. குடிபோதை, வேண்டுமென்றே உத்தரவை மீறியது போன்ற காரணங்களைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இழப்பீட்டுச் சட்டத்தின் 3-வது பிரிவு இடம் தருவது, காயம் மரணத்திலோ நிரந்தர முழு ஊனத்திலோ முடியாதபோது மட்டுமே. உடற்கூறாய்வு அறிக்கையில் மது பற்றி எதுவும் இல்லை என்றால் அந்தப் பேச்சு உங்கள் கணவரின் பெயருக்குச் செய்யும் அவமதிப்பு என்பதையும் ஆணையர் முன் பதிவு செய்யுங்கள். சக தொழிலாளியைக் காப்பாற்ற இறங்கியதும் வேலையின் போக்கில் நடந்ததே. வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில், வேலையால் வந்த ஆபத்தில் செய்த செயலை வேலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கான்ட்ராக்டர் ஆள் என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது. தம் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டவர், அந்தத் தொழிலாளிக்குத் தாமே முதன்மை வேலையளிப்பவராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 12-வது பிரிவு சொல்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் சாயப்பட்டறை நடத்த முடியாது என்ற நிலையில், தொட்டி கழுவுவது தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று எவரும் சொல்ல முடியாது.

தொகையைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். மாதச் சம்பளம் 18,000 ஆனாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500. 30 வயதுக்கான பெருக்கெண் 207.98. ஆக 15,59,850 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு உண்டு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்க 4ஏ பிரிவு வழிசெய்கிறது. உங்களிடம் நீட்டப்படும் 5 லட்சம் இதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மனுவை ஈரோட்டுக்கு அலைந்து கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் தருமபுரிப் பகுதிக்குரிய ஆணையரிடமே கொடுக்கலாம். விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு காலம் இருக்கிறது, ஆனால் சாட்சிகள் வேறு ஊருக்குப் போய்விடுவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும்; 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்கள் அதில் காப்பீடு பெற்றவர்கள். உங்கள் கணவர் பெயரில் பணம் கட்டவே இல்லை என்றாலும், கட்டியிருக்க வேண்டியவர் என்றாலே அவர் காப்பீட்டாளர்தான். அப்படியானால் அச்சட்டத்தின் 53-வது பிரிவு காரணமாக மேலே சொன்ன மொத்தத் தொகையைக் கோர முடியாது; அதற்குப் பதில், சம்பளத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை உங்களுக்கும் குழந்தைகளுக்கும் பிரித்து, சார்ந்தோர் உதவித்தொகையாக மாதந்தோறும் இஎஸ்ஐ கழகம் வழங்கும். நீண்ட கால நோக்கில் இது குறைவான உதவி அல்ல. ஆகவே இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு இப்போதே பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால் உதவித்தொகை வரும். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கி ஆணையர் முன் வையுங்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் மூடப்படுவதைச் சட்டம் அனுமதிக்காது.

கழிப்பறைக் குழாய் அந்தத் தொட்டியில் விழுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி மிக முக்கியமானது. மனித மலக்கழிவு சேரும் தொட்டி என்று நிரூபிக்க முடிந்தால், கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவும் இங்கு பொருந்தும் என்று வாதிடலாம். பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 20.10.2023 அன்று பல்ராம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. சாயக்கழிவும் கலந்த தொழிற்சாலைத் தொட்டிக்கு அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். எனவே அந்தக் குழாய் தொட்டியில் சேரும் இடத்தைப் படம் எடுத்துவைக்க உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், வெளியிலிருந்து மட்டும். அந்தப் படத்தோடு ஈரோடு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள்.

குற்ற வழக்கைப் பொறுத்தவரை, சந்தேக மரணம் என்று மட்டும் பதிவாகியிருந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவுக்கு மாற்றும்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம் அது. இவற்றுள் மிக அவசரமானது தொழிற்சாலைகள் சட்டப்படியான வழக்கு. மீறல் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரியவந்த மூன்று மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யாவிட்டால் அந்த வழக்கு காலாவதியாகிவிடும். அதாவது 2026 பொங்கல் வாக்கில் காலம் முடிகிறது.

இனி உங்கள் தம்பி. அவர் இறங்கக்கூடாது. வேலை போய்விடுமே என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டவிரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுப்பது ஒழுங்கீனம் ஆகாது. உயிருக்கு ஆபத்து நேரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, வேலையளிப்பவரிடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்று இப்போது நடைமுறையில் உள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 14-வது பிரிவு சொல்கிறது. ‘நாற்றம் இல்லை, இறங்கு’ என்று மேஸ்திரி சொன்னால் அதுவே மிகப் பெரிய எச்சரிக்கை என்று அவரிடம் சொல்லுங்கள். அழுகும் கசட்டிலிருந்தும், சல்ஃபைடு கலந்த சாயக்கழிவோடு அமிலநீர் சேரும்போதும் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போகாது, மண்வெட்டியால் கசட்டைக் கிளறியதும் மறுபடி கிளம்பும். முகத்தில் கட்டும் ஈரத் துணியோ முகக்கவசமோ இதற்கு எந்தப் பயனும் இல்லை. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்ஸிஜன் 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக்கூடாது. அதைக் கருவிதான் சொல்லும், அதுவும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் கயிற்றில் கட்டி இறக்கி அளக்க வேண்டும். உள்ளே 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைத் தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கொண்டுபோகவும் கூடாது. யாராவது உள்ளே விழுந்தால், கருவி இல்லாமல் இறங்காமல் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். உங்கள் கணவர் செய்தது பெரிய மனத்தின் செயல். அதே மனம் உள்ளவர் உங்கள் தம்பியும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வாரமே ஈரோடு மாவட்டத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார அலுவலகத்துக்கு ஒரே மனுவாக எழுதுங்கள். முதல் பத்தியில் உங்கள் கணவரின் மரணத்தையும், 36-வது பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்பட்டதா என்ற கேள்வியையும், அடுத்த பத்தியில் தம்பியின் பெயரைக் குறிப்பிடாமல், அதே தொட்டியில் மீண்டும் ஆள் இறக்கும் ஏற்பாடு நடப்பதையும் எழுதி, உடற்கூறாய்வு அறிக்கை, முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றின் நகலை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்த அட்டை திரும்பி வந்ததும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.